செம்பருத்தி குடித்த மருந்து

ஜூன் 4

அன்புள்ள மிளகுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்ததற்கான நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. கிழித்துப் போடுவதற்காவது காகிதத்தைக் கையில் எடுத்தாக வேண்டுமே என்றுதான் கடிதம். கிழிப்பதற்கு முன் அடுத்த வரியை மட்டும் படித்துவிடு.

உன் சிவப்புப் பட்டை நாலாவது இடத்தில் இருக்கிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன். மழைக்காலத்தில் வருகிற அந்தக் காய்ச்சலின் வைரஸுக்குள் ஒரு புரதம் உண்டு. அதைக் கத்தரி என்று வைத்துக்கொள். அந்தக் கத்தரி வெட்டிக்கொண்டே இருந்தால்தான் வைரஸ் பெருகும். கத்தரியின் வாயில் எதையாவது செருகிவிட்டால் வேலை நின்றுவிடும். எதைச் செருகுவது என்பதுதான் இரண்டு வருடமாக என் வேலை. மூலிகைகளில் இருப்பதாகப் பதிவான பன்னிரண்டாயிரம் சேர்மங்களைக் கணினிக்குக் கொடுத்தோம். அது ஒவ்வொன்றையும் அந்த வாயில் வைத்து, திருப்பிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, மதிப்பெண் போட்டது. இங்கே மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. "என் ஸ்கூல் மார்க் மாதிரியா?" என்று கேட்டார் உன் அண்ணன்.

பட்டியலில் முதல் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்த பழைய ஆட்கள். நாலாவது புதிது. எந்தச் செடியில் இருக்கிறது என்று தேடினேன். ஒரே ஒரு மரம். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உன் மருந்துக் கூடத்தில், அடுப்புக்குப் பின்னால், சாக்கில் கட்டி வைத்திருப்பாயே, அதே பட்டை. ஒரு தடவை அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்து உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கணினி தட்டிக்கொடுக்கிற பத்தில் ஒன்பது, உயிருள்ள செல்களில் வைத்துப் பார்த்தால் சொதப்பிவிடும். அது தெரிந்தும் காலையிலிருந்து என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அரைக் கிலோ பட்டை அனுப்பு. நீ கஷாயம் செய்யும் முறையையும் எழுது. வைரஸ் கூடத்தில் ஜூன் கடைசியில் எங்கள் முறை வருகிறது, அதற்குள் என் கையில் இருக்க வேண்டும்.

அந்த மேசையில் நடந்ததைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அண்ணி

*

ஜூன் 15

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன் என்று சொன்னால் உங்களுக்குத் தலைக்கனம் ஏறும், அதனால் சொல்லப்போவதில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லையாம். நான் எழுதுகிறேன். பதினான்கு மாதத்துக்கு முன் உங்கள் வீட்டில், எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில், அண்ணனின் நண்பர் ஒருவர் என் பிளாஸ்கைப் பார்த்து "இது என்னங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "அது ஒண்ணுமில்லைங்க. நம்பிக்கையைப் போட்டுக் கொதிக்க வச்ச வெந்நீர்." எட்டுப் பேரும் சிரித்தார்கள். கூடப் பிறந்தவரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நானும் ஐந்து வருடம் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கித்தான் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது பேராவது காய்ச்சலோடு வருகிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு, ஒவ்வொரு தடவை டம்ளரை நீட்டும்போதும் என் கை ஒரு நொடி தயங்குகிறது. இது உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா, அல்லது வெந்நீர்தானா? வெளியே யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. நீங்கள்தான் வாயைக் கொடுத்தீர்கள், நீங்களே பதிலும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

அதனால் பட்டை மட்டும் அனுப்பவில்லை. சீல் வைத்த பாட்டிலில் கஷாயமும் வருகிறது. அதையும் தனி எண் போட்டுச் சோதிக்க வேண்டும். இது நிபந்தனை. முறை இதோ: பட்டையை ஒன்றிரண்டாக இடிக்கவும். ஒரு பங்கு பட்டைக்கு எட்டுப் பங்கு தண்ணீர். சிறு தீ. எட்டு ஒன்றாகச் சுண்ட வேண்டும். துணியில் வடிகட்டி, ஆறவைத்து, காலையும் மாலையும் அரை டம்ளர். அவ்வளவுதான். எங்கள் கூடத்தில் பட்டை இடிக்கிற அக்காவைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட இதைத்தான் சொல்வார்.

நாலாவது இடம் என்றீர்களே. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் எவ்வளவு வித்தியாசம்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் கணவரின் தங்கை

*

ஜூலை 9

மிளகு,

உட்கார்ந்துகொண்டு படி. வேலை செய்கிறது.

வைரஸ் கூடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். இரண்டு கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொண்டு, எதையும் நம்பாமல் பார்ப்பாள். எங்களுக்குள் அவள் பெயர் இரட்டைக் கண்ணாடி. என் பட்டியலிலிருந்து போன வருடம் அனுப்பிய பதினோரு சேர்மங்களை அவள்தான் குப்பையில் போட்டாள். இன்று காலை அவளே என் அறைக்கு வந்து, கதவில் சாய்ந்துகொண்டு, "உங்க பட்டையை இன்னொரு தடவை போட்டுப் பாத்தேன்" என்றாள். "ரெண்டாவது தடவையும் அதேதான் வருது. வைரஸ் எண்ணிக்கை நூத்துல ரெண்டாயிடுச்சு" என்றாள்.

செல்கள் செத்தாலும் வைரஸ் இல்லாமல்தான் போகும், அதனால் முதலில் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறாள். இருக்கின்றன. நன்றாகவே இருக்கின்றன. நான் அவளைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவளுடைய மேல் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது.

உன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் அலுவலகத்தில் எல்லோரிடமும் தன் தங்கை வைரஸைப் பிடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் வித்தியாசம் வெறும் பூஜ்யம் புள்ளி ஒன்று. போதுமா?

அண்ணி

*

ஜூலை 14

அண்ணி,

போதும். போதும்.

நேற்று கூடத்தில் எல்லோருக்கும் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். பட்டை இடிக்கிற அக்கா உலக்கையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் இத்தனை வருசமா இடிச்சது வீண் போகலை" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. வாசலில் மாட்டுவதற்கு ஒரு பலகை எழுதக் கொடுத்திருக்கிறேன்: "கணினியே ஒப்புக்கொண்ட கஷாயம்." சிரிக்காதீர்கள். நீங்கள் சிரித்தது போதும்.

நேற்று டம்ளர் நீட்டும்போது கை தயங்கவில்லை. பதினைந்து மாதத்துக்குப் பிறகு.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தை இன்று காலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பட்டை, பட்டை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பாட்டிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மறந்துவிட்டீர்களா?

மி.

*

ஜூலை 22

மிளகு,

மறக்கவில்லை. எழுதத் தைரியம் வரவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். நல்ல செய்தியை மட்டும் எழுதிவிட்டு மற்றதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒளித்துவைத்தேன். அது தப்பு. உன் பலகையைப் பற்றிப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கஷாயம் வேலை செய்யவில்லை. மூன்று தடவை பார்த்தாயிற்று. கஷாயம் ஊற்றிய செல்களிலும் வெறும் தண்ணீர் ஊற்றிய செல்களிலும் வைரஸ் ஒரே அளவுதான். அந்தச் சேர்மம் உன் பாட்டிலில் ஒரு துளிகூட இல்லை.

கொதிக்கும்போது அழிந்திருக்கும் என்று நினைத்தேன். நீ அனுப்பிய பட்டையை நீ எழுதிய முறைப்படியே நாங்களும் இடித்து, எட்டு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிப் பார்த்தோம். சேர்மம் பத்திரமாக இருக்கிறது, வேலையும் செய்கிறது. அதே பட்டை, அதே முறை. நாங்கள் செய்தால் இருக்கிறது, நீ செய்தால் இல்லை.

எங்கள் தலைவர் இதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பதிலும் உண்மையா இருக்க முடியாதும்மா. எங்கயோ சாம்பிள் மாறியிருக்கு. காரணம் தெரியாம அடுத்த கட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆகஸ்ட் 14 கூட்டம். அதற்குள் காரணம் சொல்லாவிட்டால் நாலாவது எண்ணை மூடிவிட்டு வேறு பட்டியலுக்குப் போகச் சொல்லிவிடுவார்.

நீ என்ன செய்கிறாய் என்று யோசித்துப் பார். சாக்கில் வேறு பட்டை கலந்திருக்குமா? பாத்திரமா? உன்மேல் பழி போடுவதற்காகக் கேட்கவில்லை. அந்த மேசையில் நான் சொன்னது சரி என்று நிரூபணமானதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷம் இல்லை. இதை நம்பு.

அண்ணி

*

ஆகஸ்ட் 1

மிளகு,

பத்து நாளாகப் பதில் இல்லை. நீ திட்டி எழுதினால்கூடப் பரவாயில்லை. எழுது. உன் அண்ணன் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார், பேசமாட்டேன் என்கிறார்.

அண்ணி

*

ஆகஸ்ட் 8

அண்ணி,

பதில் வராமல் என்னைத் தேடி வந்த அண்ணன் கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு கேனும். கேனை ஆட்டக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். அன்றைக்குச் சிரித்ததற்கு இந்தத் தண்டனை போதாது.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்த அன்று பலகை எழுதுகிறவர் பலகையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அழகான எழுத்து. அதை அப்படியே திருப்பிச் சுவரோரம் சாய்த்துவிட்டேன். இரண்டு நாள் கூடத்தைத் திறக்கவில்லை. உங்கள்மேல் கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. எனக்குப் பயம். நான் பதினோரு வருடமாக எத்தனை பேருக்கு அந்த டம்ளரை நீட்டியிருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தூக்கம் வருமா?

மூன்றாம் நாள் திறந்தேன். வருகிறவர்களிடம் "இன்னைக்குக் கஷாயம் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டை இடிக்கிற அக்காவுக்கு என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை, "நீ குடுக்கறியோ இல்லையோ, நான் என் வேலையைச் செய்யறேன்" என்று சொல்லிவிட்டுக் காலையில் வழக்கம்போல வேலையை ஆரம்பித்தார். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தின மாலை ஊறப்போட்ட பட்டையை அண்டாவோடு தூக்கிக்கொண்டு வந்தார். சாய்த்தார். சிவப்பாக ஒரு தண்ணீர் ஓடி, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, செம்பருத்திச் செடியின் அடியில் போய் நின்றது. மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, கையால் அலசி, அதையும் கொட்டினார். பிறகு அடுப்பில் ஏற்றினார்.

அண்ணி, நான் அங்கேயே எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, ஏன் அதைக் கொட்டுறீங்க?"

"எதை?"

"அந்தத் தண்ணியை."

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முதல் தண்ணியைக் கொட்டாம யாராவது அடுப்புல ஏத்துவாங்களா? நாக்கை இழுக்கும். குடிச்சா வயிறு கலங்கிடும். நீதானே முதல் நாளே சொல்லிக் குடுத்தே."

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு என் அத்தை சொல்லிக் கொடுத்தார். ஆனால் உங்களுக்கு முறை எழுதும்போது அது ஒரு வேலையாகவே என் நினைவுக்கு வரவில்லை. சோறு வடிப்பது எப்படி என்று யாராவது கேட்டால், அரிசியைக் களைய வேண்டும் என்று சொல்வோமா? அந்த மாதிரிதான் விட்டுப்போயிற்று. நீங்கள் நான் எழுதியபடியே செய்தீர்கள், ஊறப்போடவே இல்லை. அதனால் உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. சாம்பிள் எதுவும் மாறவில்லை என்று உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள். இரண்டு பதிலும் உண்மைதான்.

கேனில் இருப்பது இன்று காலையில் கொட்டவிருந்த முதல் தண்ணீர். சின்னப் பாட்டிலில் இருப்பது அதற்கப்புறம் காய்ச்சிய கஷாயம். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

என் கஷாயம் வைரஸை ஒன்றும் செய்யவில்லை என்று என் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கூட்டத்தில் காட்ட வேண்டுமென்றால் காட்டுங்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன வரும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை வருத்தத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம்.

மி.

*

ஆகஸ்ட் 16

என் மிளகே,

உன் அண்ணன் ஆறு மணி நேரம் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சட்டை முழுவதும் சிவப்பு. பக்கத்து இருக்கைக்காரர் பாதி வழியில் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாராம். வீட்டுக்குக்கூட வராமல் நேரே கூடத்துக்கு வந்து, கேனை இரட்டைக் கண்ணாடியின் கையில் கொடுத்துவிட்டு, "என் தங்கச்சி குடுத்தா, ஆட்டாதீங்க" என்றார்.

அவள் முதலில் நம்பவில்லை. இப்படி நாக்கை இழுக்கிற தண்ணீரில் எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்கிற சரக்கு நிறைய இருக்கும், அது எல்லாப் புரதத்திலும் ஒட்டிக்கொண்டு வேலை செய்வதுபோல் ஏமாற்றும். அதனால் அந்த ஒட்டுகிற சரக்கை எல்லாம் தனியாகப் பிரித்து எடுத்தாள். மிச்சத்தைப் போட்டுப் பார்த்தாள். நாலு நாள்.

பதினாலாம் தேதி காலை, கூட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். தலைவர் நாலாவது எண்ணின் கோப்பை எடுத்து மேசை ஓரத்தில் தள்ளி வைத்துவிட்டார். அப்போது கதவு திறந்தது. இரட்டைக் கண்ணாடி ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உன் கஷாயம், வைரஸ் நூற்றுக்கு நூறு. உன் முதல் தண்ணீர், நூற்றில் அரை.

அரை, மிளகு. பட்டையைவிட நாலு மடங்கு நல்லது. கத்தரியை மட்டும் தனியாக எடுத்துச் சோதித்ததிலும் அது வெட்டுவதை நிறுத்திவிட்டது. கணினி வரைந்து காட்டிய அதே வாயில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

தலைவர் உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். செம்பருத்தி வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தன் மருந்து வேலை செய்யலைன்னு தானே எழுதிக் கையெழுத்தும் போட்ட ஆளை நான் என் வேலைக்காலத்துல பாத்ததில்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாலாவது எண் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. எங்கள் பதிவேட்டில் அதன் பெயர் "நாத்தனார் தண்ணீர்". நான் வைத்ததில்லை, இரட்டைக் கண்ணாடி வைத்தது.

இது இன்னும் மருந்து இல்லை. எலிகளில் பார்க்க வேண்டும், அளவு பார்க்க வேண்டும், அப்புறம்தான் மனிதர்கள். வருடங்கள் ஆகும், நடுவில் எங்கேயாவது விழுந்தாலும் விழும். அதுவரை யாருக்கும் அந்தத் தண்ணீரைக் கொடுத்துவிடாதே. வயிறு கலங்கும் என்று அக்கா சொன்னது சும்மா இல்லை.

இன்னொன்று. நேற்று மாலை அந்த எட்டுப் பேரையும் வீட்டுக்கு வரவழைத்தேன். அதே மேசை. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொன்னேன்: "போன வருஷம் இங்க உக்காந்து என் நாத்தனார் மருந்தை வெந்நீர்னு சொன்னேன். சோதிச்சுப் பாக்காமலே சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்க. கஷாயம் வைரஸைக் கொல்லலைங்கறது இப்பதான் தெரியும், அன்னைக்கு எனக்குத் தெரியாது. அவ தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. நான் தெரியாமலே பேசினேன். அதுக்கு நான் வெக்கப்படறேன்." உன் அண்ணன் மட்டும், "நானும்" என்றார்.

உன்னிடம் நேராகச் சொல்ல வேண்டியது. மன்னித்துவிடு.

அண்ணி

*

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் நேரே பின்வாசலுக்குப் போய்ச் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஊரே இருமும்போது இதுல ஒரு இலைகூட வாடலையே, நான் அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார். இத்தனை வருடமாக எங்கள் கூடத்தில் ஒழுங்காக மருந்து குடித்த ஒரே ஆள் அந்தச் செடிதான். காசும் கொடுத்ததில்லை, நன்றியும் சொன்னதில்லை.

நாலு மடங்கு என்று வாசித்தபோது நான் குதித்தேன். முப்பத்தேழு வயதில், கையில் கரண்டியோடு. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எலி ஓடியதாக நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எலிகளுக்கு எப்போது கொடுப்பீர்கள்? எத்தனை எலி? பட்டை மழைக்கு முன் உரித்தது வேண்டுமா, பின் உரித்ததா? இரண்டிலும் நிறம் வேறுபடும். இரண்டையும் தனித்தனிப் பையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை முறையை முப்பத்திரண்டு வரி எழுதியிருக்கிறேன். அக்கா கையைக் கழுவுவதுகூட அதில் இருக்கிறது.

நேற்று காய்ச்சலோடு ஒரு அம்மா வந்தார். பழைய ஆள், வருடா வருடம் வருபவர். கஷாயத்தை ஊற்றிவிட்டு, நீட்டுவதற்கு முன் சொன்னேன்: "இது வைரஸைக் கொல்லாதும்மா, சோதிச்சுப் பாத்தாச்சு. சூடா உள்ள போனா தொண்டைக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான். மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்." அவர் என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "தொண்டைதான் வலிக்குது. குடு" என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன், அண்ணி. கை தயங்கவில்லை.

திருப்பி வைத்த பலகையின் பின்பக்கத்தில் இப்போது அந்த அம்மாவிடம் சொன்னதைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

செம்பருத்தியில் ஒரு கிளை ஒடித்து, வேர் விட்டதும் தொட்டியில் வைத்து அனுப்புகிறேன். இதையும் அண்ணன்தான் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். அதற்குச் சாதாரணத் தண்ணீர் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன் பண்ணுங்கள். இரண்டாவது மணியில் எடுப்பேன். முதல் மணியிலேயே எடுத்தால் எனக்கு மரியாதை இல்லை.

மிளகு